ஓசூர்க்காரர்கள் பாய்மரப் படகு வாங்கலாமா?

ஓசூரிலிருந்து சென்னைக் கடற்கரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மேற்குக் கடற்கரையோ மலைத்தொடருக்கு அப்பால், இன்னும் தொலைவில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பாய்மரப் படகு வாங்குவது பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. என்னிடம் முன்பு இயற்பியல் படித்து, இப்பொழுது சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் நால்வர் பணம் சேர்த்து ஒரு பழைய படகு வாங்க எண்ணுகிறார்கள். காரின் பின்னால் டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்லக்கூடிய சிறு படகு. இரண்டு மூன்று பேர் உள்ளே படுத்துறங்கலாம். கடலோரமாக ஓரிரு நாள் பயணம் போகலாம். "எதைப் பார்த்து வாங்க வேண்டும், சார்?" என்பது அவர்கள் கேள்வி.

நான் மாலுமி அல்லன். ஆனால் இந்தக் கேள்வியில் முக்கால் பங்கு மேல்நிலை வகுப்பு இயற்பியல்தான். ஒரு நூல்கண்டும், ஒரு தூக்குக்குண்டும், விநாடி காட்டும் கடிகாரமும் இருந்தால் போதும். ஆகவே அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நிலத்தில் எடுத்துச் செல்லும் படகு நமக்குப் புதிதன்று. கர்நாடகத்திலிருந்து காவிரி இறங்கிவரும் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கரை வந்ததும் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஆமை நடப்பதுபோல ஒருவரே நடந்து போவார். மூங்கில் பின்னல், அதன்மேல் முற்காலத்தில் தோல், இப்பொழுது பிளாஸ்டிக் தாளும் தாரும். எடை குறைவு. அகலம் மிகுதி. அடி ஏறக்குறையத் தட்டை. இதனால் ஒருபக்கம் சற்றுச் சாய்ந்தால் அந்தப் பக்கத்தில் நிறைய நீர் விலக்கப்பட்டு, மேல்நோக்கு விசை உடனே அங்கே கூடி, பரிசலை நிமிர்த்திவிடுகிறது.

பரிசலில் பாய் கட்டினால் என்ன ஆகும்? காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் போகும். திரும்பி வர முடியாது. வட்ட வடிவமான பொருளுக்கு முன்பக்கமும் இல்லை, பக்கவாட்டும் இல்லை. எல்லாத் திசையிலும் நீர் ஒரே அளவு தடை தருகிறது. பாய்மரப் படகுக்கு வேண்டியதோ நேர்மாறானது. முன்னோக்கிச் செல்லத் தடை மிகக் குறைவாகவும், பக்கவாட்டில் நகரத் தடை மிக அதிகமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்திலிருந்து வீசும் காற்றின் விசையில் முன்னோக்கிய கூறு மட்டும் படகை நகர்த்தும். சோழ மண்டலக் கரையின் கட்டுமரக்காரர்கள் பாய் விரிக்கும்போது ஒரு பலகையை நீருக்குள் செங்குத்தாக இறக்கி வைப்பது இதற்காகத்தான். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலரவும் வைத்துவிடுவார்கள். 'கேட்டமரான்' என்று உலகமெங்கும் வழங்கும் சொல் நம்முடைய கட்டுமரம்தான் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இந்தப் பலகையின் வளர்ந்த வடிவமே படகின் அடியில் இருக்கும் கீல். நம் கடற்கரையில் படகின் அடிமரத்தை ஏரா என்பார்கள். டிரெய்லரில் ஏற்றும் படகுக்கு அடியில் நீண்டு தொங்கும் கீல் இருந்தால் சாலையில் இழுக்க முடியாது. கரையோர ஆழமற்ற நீரில் இறக்கவும் முடியாது. ஆகவே கீலை ஒரு முளையில் மாட்டி, கத்தியை உறைக்குள் மடக்குவதுபோல மேலே மடக்கும்படி செய்கிறார்கள். அமெரிக்காவில் 1969-இல் ஃபிராங்க் பட்லர் வடிவமைத்து, 15,000-க்கும் மேல் விற்பனையான கேட்டலினா 22 என்ற படகு இந்த வகைக்கு நல்ல உதாரணம். நீளம் ஏறத்தாழ 6.5 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். கீலை இறக்கினால் ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும். மடக்கினால் 60 சென்டிமீட்டர் போதும். நம் கணக்குகளுக்கு இதே அளவில், 1000 கிலோகிராம் எடையுள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அதில் 250 கிலோ வார்ப்பிரும்புக் கீல்.

சாலைதான் அகலத்தைத் தீர்மானிக்கிறது

வேடிக்கையாக இல்லையா? நம் நாட்டுச் சாலையில் வாகனத்தின் அகலம் பொதுவாக 2.6 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. மற்ற நாடுகளிலும் இதை ஒட்டிய வரம்பே உண்டு. எனவே டிரெய்லர் படகு எதுவும் இரண்டரை மீட்டரைத் தாண்டுவதில்லை. படகின் நிலைத்தன்மையில் வடிவத்தால் வரும் பங்கு அகலத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. அகலத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் 0.9-இன் முப்படி 0.729, அதாவது நிலைத்தன்மையில் 27 சதவீதம் போய்விடுகிறது! சாலைக்காக அகலத்தில் இழந்ததை வேறு வழியில் ஈடுசெய்தாக வேண்டும். அடியில் எடை வைப்பது அந்த வழி.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். பரிசல் அகலத்தால் நிற்கிறது. பொம்மை அடி எடையால் நிற்கிறது. பரிசல் ஓரளவு சாயும்வரை மிக உறுதியாக இருக்கும். விளிம்பு நீரைத் தொட்டதோ, கதை முடிந்தது. பொம்மையைப் படுக்க வைத்தாலும் எழுந்துவிடும். நல்ல பயணப் படகு இரண்டிலும் பாதி பாதி.

இனி, விற்பவர் சொல்வதை நம்பாமல் நாமே அளக்கும் வழியைப் பார்ப்போம். படகு மிதக்கும்போது அதன் எடை ஈர்ப்பு மையம் வழியாகக் கீழ்நோக்கிச் செயல்படுகிறது. நீரின் மேல்நோக்கு விசை, விலக்கப்பட்ட நீரின் மையமாகிய மிதப்பு மையம் வழியாகச் செயல்படுகிறது. படகு சற்றே சாய்ந்தால் ஈர்ப்பு மையம் படகில் அதே இடத்தில் இருக்க, மிதப்பு மையம் மட்டும் சாய்ந்த பக்கம் நகர்கிறது. அங்கிருந்து வரையும் செங்குத்துக் கோடு படகின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். அதற்கு மெட்டாசென்டர் என்று பெயர். அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருந்தால் படகு நிமிரும். கீழே வந்துவிட்டால் கவிழும். இரண்டுக்கும் உள்ள உயரத்தை 'மெட்டா உயரம்' என்போம்.

இதை அளக்க முதல் வழி கடிகாரம். அலையில்லாத நீரில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு, படகின் விளிம்பை ஒருவர் கீழே அழுத்தி அழுத்தி ஆடவிடட்டும். பிறகு கையை எடுத்துவிட வேண்டும். இப்பக்கம், அப்பக்கம், மீண்டும் இப்பக்கம் வருவது ஓர் ஆட்டம். பத்து ஆட்டத்துக்கான நேரத்தைக் குறித்துப் பத்தால் வகுத்தால் அலைவு நேரம் கிடைக்கும். அகலத்தை 0.8 ஆல் பெருக்கி, அலைவு நேரத்தால் வகுத்து, விடையை வர்க்கப்படுத்தினால் மெட்டா உயரம் ஏறத்தாழ மீட்டரில் வரும். நம் படகு பத்து ஆட்டத்துக்கு 24 விநாடி எடுத்துக்கொண்டால், 2.3 × 0.8 ÷ 2.4 = 0.77, இதன் வர்க்கம் 0.59. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர், நல்ல படகு. அதே படகு 40 விநாடி எடுத்துக்கொண்டு சோம்பலாக ஆடினால் 21 சென்டிமீட்டர்தான் வரும். மெதுவாக ஆடுகிற படகு ஏறியவருக்குச் சுகமாக இருக்கும். விற்பவரும் "பாருங்கள், எவ்வளவு மென்மை!" என்பார். அந்த மென்மைதான் ஆபத்து. (இந்த 0.8 என்பது தோராயமான எண். ஊசல் விதியிலிருந்து அது எப்படி வருகிறது என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.)

இரண்டாவது வழி இன்னும் நம்பகமானது. கொத்தனாரின் தூக்குக்குண்டை ஒரு மீட்டர் நூலில் படகின் அறைக்குள் தொங்கவிட்டு, குண்டின் அடியில் அளவுகோலை வையுங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடுவிலிருந்து ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகரட்டும். குண்டு எவ்வளவு விலகுகிறது? ஆளின் எடையை நகர்ந்த தூரத்தால் பெருக்கி, படகின் மொத்த எடையால் வகுத்து, அந்த விடையைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்டால் வகுத்தால் மெட்டா உயரம். மெட்டா உயரம் 60 சென்டிமீட்டர் என்றால் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். 20 சென்டிமீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர். பெரிய கப்பல்களையும் கட்டி முடித்ததும் இதே முறையில்தான் சோதிக்கிறார்கள், ஆளுக்குப் பதிலாக இரும்புக் கட்டிகளை நகர்த்தி.

காற்று இரட்டித்தால்

மெட்டா உயரம் தெரிந்துவிட்டது. இனிக் காற்றுக்கு வருவோம். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் இதமான காற்று, பாயின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 15 நியூட்டன் அழுத்துகிறது. பாயின் வளைவால் இது சற்றுக் கூடி 18 ஆகும் என்று கொள்ளலாம். 18 சதுர மீட்டர் பாய்க்கு மொத்தம் 324 நியூட்டன். இதில் பெரும்பகுதி பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. பாயின் நடுப்புள்ளி, கீலின் நடுப்புள்ளிக்கு 4 மீட்டர் மேலே இருந்தால் சாய்க்கும் திருப்புத்திறன் 1296 நியூட்டன்-மீட்டர். நிமிர்த்தும் திருப்புத்திறன் 1000 × 9.8 × 0.6 = 5880, இதைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். இரண்டும் சமமாகும் கோணம் 13 பாகை அளவில் வருகிறது. கையில் தேநீர்க் குவளையுடன் உட்காரலாம்.

காற்று விநாடிக்கு 10 மீட்டராகிறது என்று வையுங்கள். வேகம் இரண்டு மடங்கு. விசையோ நான்கு மடங்கு. சாய்க்கும் திருப்புத்திறன் 5184. சைன் 0.88 ஆக வேண்டும் என்கிறது கணக்கு. அதாவது 60 பாகைக்கு மேல்! அவ்வளவு சாய்வுக்கு நம் எளிய வாய்பாடு பொருந்தாது. அதற்குள் படகில் நீர் புகுந்திருக்கும். என்ன செய்வது? பாயின் அடிப்பகுதியைச் சுருட்டிக் கட்டிப் பரப்பைப் பாதியாக்க வேண்டும். பரப்பு பாதி, பாயின் நடுப்புள்ளியும் 3 மீட்டராக இறங்கிவிடுகிறது. திருப்புத்திறன் 1944, சாய்வு 19 பாகை. ஆகவே வாங்கும் படகில் பாயைச் சுருக்கிக் கட்டும் துளைகளும் கயிறுகளும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். பளபளக்கும் வண்ணப்பூச்சைவிட இந்த நாலு முழக் கயிறு முக்கியம் என்பேன்.

ஆள் ஏற்றும் விஷயம் இதைவிடக் கடுமையானது. 60 கிலோ எடையுள்ள ஆறு பேர் அறையின் கூரைமேல் ஏறிவிட்டார்கள். அவர்களுடைய ஈர்ப்பு மையம் படகின் ஈர்ப்பு மையத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், மொத்த ஈர்ப்பு மையம் 360 ÷ 1360, அதாவது 26 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். 60 சென்டிமீட்டராக இருந்த மெட்டா உயரம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அதோடு நில்லாது. ஒரு பக்கம் ஏதோ தெரிகிறது என்று ஆறு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் சாய்வார்கள்! 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் சுற்றுலா சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பண்டிகை நாளில் குடும்பத்தோடு போனவர்கள். அது ஏரிதான், கடல்கூட அன்று. மூன்று பேர் போகும் படகில் மூன்று உயிர்காப்பு மேலங்கி என்பது கணக்கு. வயது வந்தோருக்கான நல்ல மேலங்கி 100 நியூட்டன் அளவுக்கு மேலே தூக்கும். நீரில் மூழ்கிய மனித உடலின் மிச்ச எடை சில கிலோகிராம்தான் ஆகையால் இதுவே தலையை நீருக்கு மேல் நிறுத்தப் போதும்.

படகுக்கும் அப்படி ஒரு மேலங்கி உண்டு. கவிழ்ந்து நீர் நிரம்பினால் நம் படகு மூழ்குமா? கண்ணாடி இழைப் பகுதி 600 கிலோ எனில், அதன் அடர்த்தி நீரைப்போல் 1.6 மடங்கு, தானே 375 லிட்டர் நீரை விலக்கும். மிச்சம் 225 கிலோ கீழே இழுக்கும். இரும்புக் கீல் 35 லிட்டர்தான் விலக்கும். மிச்சம் 215 கிலோ. இரண்டும் சேர்த்து 440. பிற சாமான்களையும் எண்ணினால் 500 லிட்டர் அளவுக்கு நுரைக் கட்டிகள் படகின் மூலைமுடுக்குகளில் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது 200 லிட்டர் பீப்பாய் இரண்டரை. விற்பவரிடம் "நுரை எங்கே?" என்று கேட்டு, பலகையைத் திறந்து பாருங்கள்.

சிறிய படகு என்பதாலேயே ஆபத்தானது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரப் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்த ராபர்ட் மேன்ரி, பதின்மூன்றரை அடி நீளமுள்ள பழைய மரப்படகு ஒன்றை வாங்கிச் சீர்செய்து, அறை கட்டி, நுரை அடைத்து, அதிலேயே 1965-இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகக் கடந்தார். 78 நாள் பயணம். பலமுறை அலை அவரைத் தூக்கி வெளியே எறிந்தது. இடுப்பில் கட்டிய கயிறு படகோடு பிணைத்திருந்ததால் ஏறி வந்தார். படகின் பெயர் டிங்கர்பெல்.

தண்ணீரையே எடையாக வைத்தால்?

இந்தக் கேள்வியை ஒரு மாணவர் கேட்டார். மிக நல்ல கேள்வி. சாலையில் இழுக்கும்போது அடி எடை வெறும் சுமை. நீரில் இறங்கியபின்தான் தேவை. அப்படியானால் இரும்புக்குப் பதில் அடியில் ஒரு தொட்டி வைத்து, ஏரியில் இறங்கியதும் நீர் நிரப்பி, கரையேறும்போது திறந்துவிட்டால் என்ன? இப்படியே செய்யப்பட்ட மெக்கிரிகர் 26 போன்ற படகுகள் உண்டு. அரை டன்னுக்கு மேல் நீர் கொள்ளும். "தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடையே இல்லையே, அது எப்படி நிமிர்த்தும்?" என்பது உடனே எழும் ஐயம். சிறு சாய்வில் இந்த ஐயம் பாதி சரி. இரும்பைப்போல் அது வேலை செய்யாது. ஆனால் படகு மிகவும் சாயும்போது தொட்டியின் ஒருபுறம் நீர்மட்டத்துக்கு மேலே எழுகிறது. மேலே வந்த நீருக்கு முழு எடையும் உண்டு. அது படகைத் திருப்பி இழுக்கிறது.

ஒரு நிபந்தனை: தொட்டி முழுமையாக நிரம்பியிருக்க வேண்டும், அல்லது முழுமையாகக் காலியாக இருக்க வேண்டும். ஆரத்தித் தாம்பாளத்தில் நீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். சிறிது சாய்ந்தாலும் நீர் முழுவதும் சாய்ந்த பக்கமே ஓடி, இன்னும் சாய்க்கிறது. பாதி நிரம்பிய தொட்டி படகை நிமிர்த்தாது, கவிழ்க்கும். எனவே அத்தகைய படகு பார்க்கப் போனால் தொட்டியின் அடைப்பான் கசிகிறதா என்பதே முதல் சோதனை.

மடங்கும் இரும்புக் கீலில் வேறு கவலை. 250 கிலோவும் ஒரு முளையிலும் ஒரு கம்பிக்கயிற்றிலும் தொங்குகிறது. கயிறு அறுந்து, கீலின் ஈர்ப்பு மையம் அரை மீட்டர் விழுந்தால் வெளிப்படும் ஆற்றல் 1225 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டை இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். விழுவது படகின் அடித்தளத்தின்மேல். கம்பிக்கயிற்றில் ஓர் இழை துருத்திக்கொண்டிருந்தாலும் புதுக்கயிறு மாற்ற வேண்டியதே. முளை தேய்ந்திருந்தால் கீலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது 'லொடக்' என்று சத்தம் வரும்.

உடற்பகுதியைச் சோதிக்க நம் பாட்டிமார் முறை போதும். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? கண்ணாடி இழையாலான தளத்தைச் சிறு மரச்சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்ற கெட்டியான ஒலி திடீரென்று 'பொத்' என்று மாறினால், உள்ளிருக்கும் மரம் ஊறி உளுத்திருக்கிறது, அல்லது அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளங்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இவை சவ்வூடு பரவலால் வருபவை. மேல்பூச்சு வழியே ஊறிய நீர் உள்ளே சில பொருள்களைக் கரைக்கிறது. அந்தக் கரைசல் மேலும் நீரை ஈர்த்து வீங்குகிறது. உப்பு நீரைவிட நன்னீரில் இது விரைவாக நடக்கும். கடலில் கிடந்த படகைவிட ஏரியில் கிடந்த படகு நல்லது என்று எண்ணுவோருக்கு இது வியப்பாக இருக்கும்.

பாய்மரம் அலுமினியம், அதில் முடுக்கிய திருகுகள் துருவேறா எஃகு. இரண்டு உலோகமும் உப்பு நீரும் சேர்ந்தால் மின்கலம்தானே? அலுமினியம் கரைந்து திருகைச் சுற்றி வெண்பொடி பூத்திருக்கும். துருவேறா எஃகையும் முழுதாக நம்பலாகாது. அதைக் காப்பது மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜனால் உண்டாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். தளத்துக்குள் புதைந்து காற்றுப் படாமல் ஈரத்தில் கிடக்கும் பகுதியில் அந்தப் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. வெளியே மின்னும், உள்ளே அரித்திருக்கும். மரத்தைத் தாங்கும் கம்பிகள் பிணைக்கப்பட்டுள்ள பட்டைகளைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

முன்பாரம், பின்பாரம்

இனி டிரெய்லர். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும் பெரியவர் "பின்பாரமாகுது, முன்னால தள்ளு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பின்பாரமானால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். மிகுந்த முன்பாரமானால் கழுத்தை அழுத்தும். படகு டிரெய்லருக்கும் இதே விதி. மொத்த எடையில் ஏறத்தாழ 7 சதவீதம் காரின் கொக்கிமேல் இருக்க வேண்டும் என்பது அனுபவ அளவு. கொக்கிக்கும் அச்சுக்கும் 4 மீட்டர் எனில், ஈர்ப்பு மையம் அச்சுக்கு 28 சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். பின்பாரமானால், வேகம் கூடும்போது டிரெய்லர் மீனின் வாலைப்போல் இருபுறமும் ஆடத் தொடங்கி, ஒவ்வோர் ஆட்டத்திலும் வீச்சு பெருகும். காரையே புரட்டிவிடும்.

ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் மாம்பழ லாரிகள் உறுமிக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். படகும் டிரெய்லரும் சேர்ந்து 1400 கிலோ. 400 மீட்டர் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 55 லட்சம் ஜூல். இவ்வளவும் வெப்பமானால் 17 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ஒரு பங்கு காற்றுத் தடையிலும் டயர் உராய்விலும் போகும். மிச்சத்தைப் பிரேக் ஏற்க வேண்டும், காரின் சொந்த எடைக்குரியதோடு சேர்த்து. டிரெய்லருக்குத் தனிப் பிரேக் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலையில் எவ்வளவு குறைத்தாலும் நான் வேண்டாம் என்பேன்.

சக்கரப் பேரிங்குகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய சக்கரத்தை, படகை இறக்குவதற்காக அப்படியே நீருக்குள் விட்டால், உள்ளிருக்கும் சூடான காற்று குளிர்ந்து சுருங்கி நீரை உறிஞ்சிக்கொள்ளும். மசகு கெட்டுப் பேரிங் துருப்பிடிக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு இறக்குவதே முறை. ஓசூர்த் தொழிலாளத் தோழர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அரை மணியில் மேலே அண்ணாந்து பாருங்கள். நம் படகின் பாய்மரம் 8 மீட்டர். டிரெய்லர்மேல் நிமிர்த்தினால் நுனி 10 மீட்டர் உயரத்தில் இருக்கும். சாலைக்குமேல் செல்லும் 11,000 வோல்ட் கம்பிகள் தரையிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டரிலேயே இருக்கலாம். பாய்மரமோ அலுமினியம். வெளிநாடுகளில் படகோட்டிகள் கடலில் அல்லாமல் கரையிலேயே மாண்டிருப்பது இப்படித்தான்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது? கெலவரப்பள்ளி அணையும் கிருஷ்ணகிரி அணையும் நம் தென்பெண்ணையில் இருக்கின்றன. ஆனால் அவை பாசன நீர்த்தேக்கங்கள். அனுமதியின்றி இறங்கக்கூடாது, கெலவரப்பள்ளியில் பொங்கும் நுரையைப் பார்த்தால் இறங்கவும் தோன்றாது. சென்னைத் துறைமுகத்தில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-இல் கலந்துகொண்டு, பாய்மரப் படகுப் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் வீராங்கனையான நேத்ரா குமணன் சென்னைக்காரர். அவர் ஓட்டியது ஒருவர் மட்டும் செல்லும் லேசர் வகை. அதன் உடல் 60 கிலோவுக்கும் குறைவு. காரின் கூரையில் வைத்தே கொண்டுபோகலாம். பெரிய படகுக்குப் பணம் கட்டுமுன் நால்வரும் இப்படி ஒன்றில் சில வாரம் கற்றுக்கொண்டு வரட்டும் என்பது என் கருத்து. அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

வாங்குமுன் கடைசியாக ஓர் ஓட்டம் ஓட்டிப் பார்க்கும்போது இதைச் செய்யலாம். நகரும் படகு தன் நீளத்துக்கு ஏற்ற அலையை எழுப்புகிறது. நீர் அலையின் வேகம் அலைநீளத்தின் வர்க்கமூலத்தைப்போல் 1.25 மடங்கு. நம் படகு நீரைத் தொடும் நீளம் 5.9 மீட்டர் எனில், அதன் எல்லை வேகம் விநாடிக்கு 3 மீட்டர், மணிக்கு 11 கிலோமீட்டர். அதற்குமேல் போக வேண்டுமானால் தான் எழுப்பிய அலையின்மேல் தானே ஏற வேண்டும். கனமான படகால் அது முடியாது. ஆகவே "இருபது கிலோமீட்டர் வேகம் போகும்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். நல்ல காற்றில் படகின் முன்முனையிலிருந்து ஒரு தேங்காய் மட்டையை நீரில் போடச் சொல்லி, பின்முனையை அது கடக்கும்வரை விநாடிகளை எண்ணுங்கள். ஆறரை மீட்டர் நீளத்தை இரண்டேகால் விநாடிக்குள் கடந்தால் படகு தன்னால் முடிந்ததைச் செய்கிறது. நாலு விநாடி ஆனால் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும், இல்லையேல் பாய் தொய்ந்து வளைவிழந்திருக்கும். முதலாவதைச் சுரண்டிவிடலாம். பாய் புதிது வாங்க வேண்டும்; அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.